வெட்டாத பதிவு

மார்ச் 4, செவ்வாய்

வெளிச்சத்தம் விழாத துணி அலமாரிக்குள் கம்பளிகளுக்கு நடுவே மைக்கோடு உட்கார்ந்து, சலவை இயந்திரத்தின் கையேட்டை ஒலிப்பதிவுக்காக வாசித்து முடித்தேன். ஒலிநூலாக நான் வாசிக்கும் நாவலின் இரண்டாம் பாகம் கைக்கு வரும்வரை வயிறு கழுவ இதுதான்.

மதியம் தங்கை ஒரு இணைப்பு அனுப்பினாள். "அக்கா, உன் குரல்! எங்க ஆபீஸ்ல எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க." திறந்தேன். ஃபோனில் ஏதோ ஒரு அரட்டைக் குழு. போன கோடை முழுதும் மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்து வியர்த்து வாசித்த நாவலின் முதல் பாகம், ஒரு அத்தியாயம் விடாமல் கிடக்கிறது. போட்டவன் பெயர் "வள்ளல்".

"நூலக ஆப்ல சும்மாதானே கிடைக்குது, அதுல எடுத்தா என்னடி?"

"அதுல வரிசையில நிக்கணும்க்கா."

சும்மா வருவதற்குக் காத்திருக்கக்கூட இவர்களுக்கு வலிக்கிறது.

மார்ச் 5, புதன்

குழுவில் எழுதியிருப்பதையெல்லாம் படித்தேன். படித்திருக்கக் கூடாது. "நன்றி வள்ளலே." "வாழ்க வள்ளல்." "ஏழாம் பகுதியில் சத்தம் குறைவு, சரிசெய்து போடவும்." இன்னொருவர்: "இந்தம்மா கொஞ்சம் வேகமாக வாசித்தால் தேவலை." ஓசியில் தின்றுவிட்டு உப்பு இல்லை என்கிறார்கள்! கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவனுக்கு வள்ளல் பட்டம் வேறு.

அப்பாவிடம் சொல்லிப் பொருமினேன். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "எத்தனை பேர் கேக்கறாங்களாம்?" என்றார். கேட்க வேண்டிய கேள்வியா இது?

மார்ச் 7, வெள்ளி

ஒலிநூலைத் தயாரிக்கும் தயாரிப்பாளர் அம்மா கூப்பிட்டார். "அந்தத் திருட்டுப் பிரதியைக் கேட்டீங்களா? கைதட்டல் இருக்கு."

வாசிக்கும்போது தவறினால் கையை ஒரு தட்டு தட்டிவிட்டு அந்த வரியை மறுபடி படிப்பேன். தட்டிய இடம் கணினித் திரையில் ஒலிக்கோட்டில் கூராக எழுந்து நிற்கும். எடிட்டர் அதைப் பார்த்துத் தவறான வரியை வெட்டி எடுப்பார். நூலக ஆப்பில் இருப்பது வெட்டிய பதிவு. இது வெட்டாதது. அது இருப்பது இரண்டே இடத்தில்: என்னிடம், எடிட்டரிடம்.

"உங்களை நான் சந்தேகப்படல. அந்த எடிட்டர் தம்பியைத்தான் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன்."

நல்ல மனுஷன் என்று நினைத்தேனே! என் பெருமூச்சு, "சே, மறுபடியும் சொதப்பிட்டேன்", தண்ணீர் விழுங்கும் சத்தம் — எல்லாவற்றையும் ஊர் கேட்டிருக்கிறது. உடை மாற்றும்போது யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

சாயங்காலம் எடிட்டரே கூப்பிட்டார். "மேடம், சத்தியமா நான் இல்ல. நீங்களாவது நம்புங்க." உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டீங்களே என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

வள்ளலை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்று வேறு பெயரில் குழுவில் சேர்ந்தேன். முதலில் அப்பாவிபோல, "நடுநடுவே ஏன் கைதட்டல்?" என்று போட்டேன்.

கூடத்தில் அப்பாவின் ஃபோன் மணியடித்தது.

கதவோரம் வந்து நின்றேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருந்தார். தட்டி முடித்ததும் என் கையிலிருந்த ஃபோனில் வந்து விழுந்தது வள்ளலின் பதில்: "உருக்கமான இடங்களில் வாசிப்பவர் தன்னை மறந்து கைதட்டுகிறார்."

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

அப்பாவிடம் கேட்டேன். மறைக்கவில்லை. அதுதான் இன்னும் கேவலம். மின்கட்டணம் கட்ட என் கணினியில் உட்காருவாரே, அப்போது எடுத்திருக்கிறார். வெட்டியது, வெட்டாதது, இரண்டும் அங்கே இருந்தன. "பெருசா இருந்ததுதான் முழுசுன்னு நினைச்சேன்" என்கிறார். கைதட்டல் தவறிய வரிக்கான அடையாளம் என்று விளக்க வேண்டியிருந்தது.

"வித்தாதானேம்மா திருட்டு? நான் ஒரு பைசா வாங்கல. கூட நடக்க வர்றவங்கல்லாம் நூலக வரிசையில நின்னு அலுத்துட்டாங்க. இப்போ ஊரே உன் குரலைக் கேக்குதுல்ல?"

பள்ளியில் கீழே கிடந்த பென்சிலை எடுத்து வந்ததற்கு, என்னைத் திரும்ப நடத்திக் கூட்டிப்போய் வைக்கச் சொன்ன மனிதர் இவர்!

எடிட்டருக்கு வேலை போனதைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சின்ன வயசுதானே. வேற எடத்துல கிடைச்சிடும். நீ வாயைத் திறக்காத. ரெண்டாம் பாகம் கையை விட்டுப் போயிடும்."

சீ. இவர் கையைப் பிடித்தா நான் நடக்கப் பழகினேன்?

இதையும் எழுதிவிடுகிறேன். அவர் சொன்னது ஒரு கணம் எனக்கும் நியாயமாகப் பட்டது. அவர்மேல் இருக்கும் அருவருப்பைவிட அந்த ஒரு கணத்தின் மேல்தான் அருவருப்பு அதிகம்.

மார்ச் 12, புதன்

சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்துதான் போனது, எடுத்தது அப்பா. தயாரிப்பாளர் அம்மா "அப்படியா" என்றார். ஃபோனை வைத்துவிட்டார்.

மார்ச் 15, சனி

எடிட்டர் வேலைக்குத் திரும்பிவிட்டார். மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்டேன். "பரவாயில்லீங்க" என்றார். எப்போதும் வரும் "மேடம்" இல்லை. மனசாரப் பரவாயில்லை என்பவரின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா?

அப்பா குழுவை மூடிவிட்டார். குழுவில் இருந்தவர்கள் போகிற போக்கில்கூட வள்ளலைப் பிடித்துத் திட்டியிருக்கிறார்கள், இரண்டாம் பாகம் போடாமல் ஏமாற்றிவிட்டானாம்.

ஏப்ரல் 2, புதன்

இரண்டாம் பாகத்தை வேறொரு பெண் வாசிக்கிறாள். எனக்கு ஃபிரிட்ஜ் கையேடு.

ஜூன் 21, சனி

அப்பாவுக்கும் எனக்கும் இடையில் இப்போது "பால் வந்துச்சா", "விளக்கை அணை" அளவுக்குத்தான் பேச்சு. நூலக ஆப்பில் தன் பெயரில் பதிந்து வரிசையில் இருந்தார் என்பதே இன்றைக்குத்தான் தெரியும். முறை வந்துவிட்டது. இரண்டாம் பாகம்.

இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கத்தைக் கழற்றினார்.

"இந்தப் பொண்ணு எங்கயும் தப்பே பண்ணாது போல. கைதட்டலே இல்ல."

"வெட்டிட்டுத்தான்ப்பா போடுவாங்க."

கழற்றியதை என் பக்கம் நீட்டினார். வாங்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாங்கி மாட்டிக்கொண்டேன்.

நன்றாகத்தான் வாசிக்கிறாள்.