மழை நாளில் கறுப்புக் கண்ணாடி

என் வாலு மகளுக்கு,

மான்செஸ்டரில் அத்தை வீட்டில் மழை எப்படி? இங்கே ஆன்ட்வெர்ப்பின் யூதத் தெருவில், நம் மீன்கடைக்குள் உன் அப்பாவின் தாடியே இன்னும் காயவில்லை.

சாப்பாடு இறங்காத தொல்லைக்காக நீ மனநல டாக்டரிடம் போவது கல்யாணத் தரகர் மிந்தல் அக்காவுக்குத் தெரிந்தால், உனக்கும் தங்கைக்கும் வரனே வராது என்று அத்தை வீட்டுக்கு ஓடிப்போனாயே. செவ்வாய்க்கிழமை உனக்குப் பதிலாக நானே போனேன். யார் கண்ணிலும் படாமல் பின்பக்கப் படியேறினால், கொட்டுகிற மழையிலும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒருத்தி காத்திருக்கிறாள். மிந்தல் அக்காவேதான்!

“இங்க என்னடி பண்ற?”

“மீன் குடுக்க வந்தேன்க்கா. நீங்க?”

“பொண்ணு பாக்க.”

என் கையில் மீன் இல்லை. அறையில் பெண்ணும் இல்லை. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு உனக்காக வந்ததை நான் சொல்ல, அவள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கும் இதே சாப்பாட்டுத் தொல்லைதான், பதினேழு வயசுல புடிச்சதுடி. ஊர்க் கல்யாணத்துல எல்லாம் தட்டுல இருக்கற கோழியை நகத்திக்கிட்டே இருப்பேன், ஒருத்தரும் கண்டுக்கல. உன் பொண்ணுக்கு நானே சொன்னேன்னு எழுது. தரகரே இங்க உக்காந்திருக்கேன், இனி யாரு போய் யார்கிட்ட கோள் சொல்றது?”

டாக்டரம்மா எனக்கும் ஒரு வைத்தியம் சொன்னாள். உன் தட்டையும் உடம்பையும் பற்றி நான் பேசக்கூடாதாம். உன்னைப் பூசணி என்று கூப்பிட்ட வாய் அல்லவா இது? இனி அதன் கிண்டலுக்கு அப்பாவின் தாடிதான் தீனி.

வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் விளக்கேற்றுவதற்குள் வந்துவிடு, கண்ணு. அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரம்மாவிடம் உனக்கு நாலு மணி. மிந்தல் அக்காவுக்கு மூணு மணி. கண்ணாடி இல்லாமல் வருகிறாளாம்.

வாயைப் பூட்டிக்கொண்டு காத்திருக்கும்,
அம்மா