என் மனைவியின் வெளிநாட்டுப் படிப்பை மறித்த மொட்டைக் கடிதத்துக்கு எதிராக, அதை எழுதியவனே செய்யும் முறைப்பாடு

அனுப்புநர்:
க. இராமர் (வயது 52),
இனிப்புப் பலகாரத் தொழிலாளி,
இல. 41/7, பின்வளவு,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.

பெறுநர்:
உதவிப் பணிப்பாளர் அம்மணி அவர்கள்,
தாதியர் கல்வி விடுமுறைப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: தாதிய உத்தியோகத்தர் திருமதி இ. யோகேஸ்வரிக்கு எதிரான மொட்டைக் கடிதத்தைத் தள்ளுபடி செய்து, அவரது கல்வி விடுமுறையை 30.06.2025க்கு முன் அனுமதிக்கக் கோரல்.

மதிப்புக்குரிய அம்மணி,

1. சென்ற ஏப்ரல் 28ஆம் திகதி "நீதியை விரும்பும் பொதுமக்கள்" என்ற பெயரில் தங்களுக்கு வந்த மொட்டைக் கடிதத்தை எழுதியவன் நான். மேற்படி யோகேஸ்வரியின் கணவனும் நான்தான். பொதுமக்கள் என்று போட்டிருந்தாலும் அந்தக் கூட்டத்தில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஆள் தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். அது என் வலது கை எழுத்தைவிட நன்றாக வந்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இந்த மனுவில் உள்ள எழுத்துப் பிழைகளை மனைவியோடு வேலை செய்யும் தாதி நிம்றா திருத்தித் தந்தார். மற்றப் பிழைகளைத் தன்னால் திருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்.

2. என் மனைவி சிறுநீரக நோயாளருக்கு இரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறார். அதே துறையில் முதுமாணிப் பட்டம் படிக்க வேண்டும் என்பது அவரது ஆசை. மூன்று நாடுகளில் மூன்று பல்கலைக்கழகங்களுக்கு ஒரே கேள்விகளை எழுதி அனுப்பினார். இலங்கையில் பதிந்த தாதியை உங்கள் நோயாளிக்குப் பக்கத்தில் விடுவீர்களா, வாரத்தில் எத்தனை நாள், படித்து முடித்த பட்டத்தை எங்கள் நாடு ஏற்றுக்கொள்ளுமா என்பவை அவை. ஓர் இடத்திலிருந்து வாழ்த்து அட்டை மாதிரி ஒன்று வந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து நீச்சல் தடாகத்தின் படம் வந்தது. அயர்லாந்திலிருந்து மட்டும் ஓர் ஆசிரியை தன் கைப்பட இரண்டு பக்கம் பதில் எழுதியிருந்தார். வாரத்தில் இரண்டு நாள் மூத்த தாதி ஒருவரோடு வார்டில் நிற்கலாம், பட்டம் செல்லுமா என்பதை உங்கள் நாட்டில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், குளிர் ஒத்துக்கொள்ளாது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று.

3. இதற்கிடையில் நானும் ஒரு பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்திருந்தேன். எனக்குப் பிடித்தது நீச்சல் தடாகம். எனக்கு நீந்தத் தெரியாது. ஆனால் அந்த நாட்டில் படிக்கப் போகிறவரோடு கணவனும் போகலாம் என்று கேள்விப்பட்டேன். உடனே புறக்கோட்டையில் கோட் தைக்க அளவு கொடுத்தேன். கடையிலும் சொல்லிவிட்டேன். முதலாளி சிவபாதசுந்தரம் ஐயா எனக்கு மாலை போட்டு, நான் பிடித்த லட்டையே எனக்கு ஊட்டிப் பிரியாவிடை நடத்தினார். படிக்கப் போகிறவருக்கு அப்போது இடமே கிடைத்திருக்கவில்லை.

4. மனைவி அயர்லாந்தைத் தெரிவு செய்தார். பதினாறு மாதம். கணவன் கூடப் போக முடியாது. "கூட்டிட்டுப் போகாத காலேஜ் என்னா காலேஜ்? மத்ததப் பாரு, எவ்வளவு பெரிய தடாகம்" என்றேன். "ஏங்க, அந்தத் தண்ணிக்குள்ள நோயாளி யாரும் இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டார். எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், அம்மணி. பிள்ளைகள் இல்லை. பதினாறு மாதத்தை நாளாக்கிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மறுநாள் இடது கையில் பேனையை எடுத்தேன்.

5. அந்தக் கடிதத்தில் உள்ள குற்றச்சாட்டுகளுக்கு, எழுதியவன் என்ற முறையில், என் மறுப்பு:

(அ) அது போலிக் கல்லூரி என்று எழுதினேன். ஆதாரம், அவர்கள் அனுப்பிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் கட்டடமே இல்லாமல் புல்லும் மாடும் இருந்ததுதான். அது குதிரை என்று நிம்றா சொல்கிறார்.

(ஆ) அவருக்கு ஆங்கிலம் வராது என்று எழுதினேன். அவர் ஆங்கிலப் பரீட்சையில் முதல் தடவையே தேறியவர். ஆங்கிலம் வராதவர் இந்த வீட்டில் வேறொருவர்.

(இ) கணவனைக் கவனிப்பதில்லை என்று எழுதினேன். கலியாணத்துக்குப் பிறகு நான் பதினொரு கிலோ கூடியிருக்கிறேன். தேவைப்பட்டால் தங்கள் அலுவலகத்திலேயே நிறுத்துப் பார்க்கலாம்.

(ஈ) தூக்கத்திலும் மருந்துகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதால் அவருக்கு மனநிலை சரியில்லை என்று எழுதினேன். பெயர் சொல்வது உண்மை. இரவு வார்டில் யாருக்கு என்ன கொடுத்தார் என்பதைத் தூக்கத்தில் திரும்பச் சரிபார்க்கிறார். அப்படிப்பட்ட தாதி எனக்கு வாய்த்தால் நான் நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

6. மே 20ஆம் திகதி விசாரணைக்கு அழைத்து அந்தக் கடிதத்தைத் தாங்கள் அவரிடம் காட்டினீர்கள். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நான் தூக்கத்துல பேசுறது பொதுமக்களுக்கு எப்படிங்க தெரியும்?" சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வராமல் போன சந்தர்ப்பங்கள் குறைவு. அதில் இது ஒன்று. அதன் பிறகு நான்கு நாள் அவர் தூக்கத்தில் ஒரு மருந்தின் பெயரும் சொல்லவில்லை. தூங்கினால்தானே சொல்வதற்கு.

7. எழுதியவர் யாரென்று தெரியுமா என்று தாங்கள் கேட்டதற்குத் தெரியாது என்று பதில் சொன்னாராம். ஒரு நோயாளியின் இரத்த அழுத்தத்தைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாதவர் அவர். அந்தப் பொய்யை அவருடைய கோப்பில் போடாமல் என் கணக்கில் எழுதிக்கொள்ளுமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

8. ஐந்தாம் நாள், கல்லூரி உண்மையானதுதானா என்று பார்ப்பதற்காகத் தாங்கள் கேட்டிருந்த, அயர்லாந்தில் இடம் கொடுத்த மூலக் கடிதத்தை எனக்கு முன்னால் வைத்து, "எந்தக் கையால எழுதினாலும் சரி. பேரப் போட்டு எழுதுங்க" என்றார். அதன்படியே இதை எழுதுகிறேன். ஜூன் 30க்குள் விடுமுறை அனுமதி கிடைக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும். ஆசிரியையும் மன்னிப்போடு அப்படித்தான் எழுதியிருக்கிறார். அடுத்த வருடம் என் மனைவிக்கு நாற்பத்தாறு. இன்னொரு தடவை கேட்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். குறை சொல்லவும் மாட்டார். அதுதான் எனக்குப் பயம்.

9. ஆகவே அந்த மொட்டைக் கடிதத்தைக் கிழித்துப் போட்டு, அவருடைய விடுமுறையை அனுமதித்து, தண்டனை ஏதும் இருந்தால் அதை எனக்குத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். விசாரணைக்கு எந்த நாளும் வருவேன். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் லட்டுப் பிடிக்கும் வேலை. தனியாக இருந்து பழக வேண்டும் என்பதற்காகச் சோறு வடிக்கத் தொடங்கியிருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுதவில்லை.

இடம்: கொட்டாஞ்சேனை
திகதி: 09.06.2025

தங்கள் நேரத்தை இரண்டாம் தடவை வீணாக்கிய,
(ஒப்பம்) க. இராமர்
வலது கை

இணைப்புகள்:
1. என் தேசிய அடையாள அட்டையின் பிரதி.
2. ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு, இடது கையால் எழுதிய மாதிரி ஒரு பக்கம்.
3. அயர்லாந்துப் பல்கலைக்கழகம் இடம் வழங்கிய கடிதம், மூலப்பிரதி. மழையில் நனையாமல் இருப்பதற்காக நேற்று எங்கள் இனிப்புக் கடையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் லெமினேட் செய்வித்தேன். பதிவாளரின் கையொப்பத்துக்குக் கீழே காணப்படும் எறும்பு கையொப்பத்தைச் சேர்ந்தது அல்ல.