மாசிக்காய் அடக்கிய வாய்

சித்தூர்
19-1-57

நைனாவுக்கு நாகேந்திரன் வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா? நான் சௌக்கியம். வாயில் மட்டும் நாலு புண். ஓட்டல் ஊறுகாயின் வேலை, பயப்பட வேண்டாம்.

போன ஞாயிறு, அம்மா கொடுத்த மாசிக்காயைத் தேனில் உரைத்து வாயில் அடக்கியிருந்தேன். கால் மணி நேரம் துப்பவோ பேசவோ கூடாது என்பாளே! அந்த நேரம் பார்த்து, ஆந்திராவா மதராஸா என்கிற எல்லை மகஜருக்காக வீடு வீடாகத் தாய்மொழி கேட்டு எழுதுகிறவர் வந்தார். என் அறையில் கூட இருக்கும் நாகபூஷணம், “ரெண்டு பேரும் தெலுங்குதான், எழுதிக்கோ” என்றான். நான் இல்லை என்று தலையை வேகமாக ஆட்டினேன். “ஆமாங்கிறான் பாரு” என்று சிரித்தான். நான் துப்பிவிட்டு ஓடுவதற்குள் சைக்கிள் தெருமுனை தாண்டிவிட்டது.

அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. பேச வேறு ஆளும் இல்லை. தங்கை யசோதாவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.

இப்போது அவனுக்கும் வாய்ப்புண். “துன்ன முடியலப்பா, அந்த மருந்தக் குடேன்” என்று காலையில் கெஞ்சினான். “நாளைக்கு” என்றேன். ஒரு வாரத்தில் அவனிடம் பேசிய ஒரே வார்த்தை. பட்டியலைச் சரிபார்க்க அந்த மனிதர் நாளை மறுபடி வருகிறார். சைக்கிள் மணி கேட்டதும் நாகபூஷணத்தின் வாயை நிரப்பிவிடுவேன். இரண்டு பேரும் தமிழ் என்று நான் சொல்வேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான். மாசிக்காய் நாலைந்து அனுப்புங்கள். மிச்சமிருப்பது ஒரு வேளைக்குத்தான் வரும். என் புண் இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் அது அவனுக்குத்தான்.

நாகேந்திரன்