அப்பா தேடிய விரல்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கிறுக்கலுக்குத் திட்டாதே.

அப்பா மண் ஆய்வு செய்யும் குழியைப் பார்க்க இன்று எங்கள் வகுப்பைக் கூட்டிப் போனார்கள். அப்பாவின் அதிகாரியும் வந்திருந்தார். "உங்கப்பாவாடி? வேலைக்கு வந்தாரா, சேத்துல புரள வந்தாரா?" என்று ஒருத்தி கேட்டாள். நான் மெல்லக் கூட்டத்தின் கடைசிக்கு நழுவிவிட்டேன்.

அப்பா நன்றாகத்தான் விளக்கினார். மண்கட்டியை உடைத்து, தண்ணீர் தெளித்து, மண் நிறங்களைக் கட்டம் கட்டமாக ஒட்டிய நிறப் புத்தகத்தில், கட்டத்துக்குப் பக்கத்திலுள்ள ஓட்டைக்குப் பின்னால் வெயிலில் பிடித்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பிறகு புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைத் தேடினார்.

அவர் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான் என்பது நம் வீட்டைத் தவிர யாருக்குத் தெரியும்? நீ விடுதிக்குப் போனபிறகு லீவு நாட்களில் நான்தான் கூடப் போகிறேன். எந்த நிறப் பக்கம் என்று நான் விரல் வைப்பேன். அதில் எந்தக் கட்டம் என்று வெளிறலும் அடர்வும் பார்த்து அவர் பிசகாமல் சொல்லிவிடுவார். இன்றும் அந்த விரலைத்தான் தேடினார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் இருந்துவிட்டேன்.

"செம்மை கலந்த சாம்பல்" என்றார்.

"சார், பாசி மாதிரி பச்சையா இருக்கே!" என்று ஒருத்தி கத்தினாள். கொல்லென்று சிரிப்பு. அக்கா, நானும் சிரித்தேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. "பச்சைன்னா தண்ணி நிக்கிற மண்ணுங்க இது. சிவப்புன்னு எழுதினா இங்க வீடு கட்டுறவங்க கதி என்ன? திங்கக்கிழமை எல்லாக் குழியையும் ரெண்டு பேருமா பாத்துடுவோம்" என்றார். வேலை போய்விடுமோ என்று அம்மா சமையலறையில் அழுதாள். அப்பா இன்னும் தூங்கவில்லை. கூடத்தில் விளக்கடியில் மண்கட்டியையும் புத்தகத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் நிறம் பார்க்கக் கூடாது என்று சொன்னவரே அவர்தான்.

என்னைத் திட்டவே இல்லை, அக்கா. வந்ததும் ஊசியும் நூலும் எடுத்து என் செருப்பு வாரைத் தைத்துக் கொடுத்தார். அது அறுந்திருக்கவில்லை. தைக்கும்போது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடும்படி அப்பாவிடம் சொல், நீ சொன்னால் கேட்பார். அவர் சொல்லும்போது பக்கத்தில் நீ நில். அவர் விட்டால் நானும் நிற்கிறேன், எல்லோரும் பார்க்கும்படி.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
வாலு