கண்ணாடிக்குப் பின்னால் டாக்டர் பெக்வித்

பிப்ரவரி 6

இன்று எனக்கு அப்பெண்டிக்ஸ். ஆறு மாணவர்களுக்கு ஆறு தடவை வலித்தது. நோயாளியாக நடித்து மருத்துவ மாணவர்களைப் பழக்குவதுதானே என் பிழைப்பு. இடைவேளையில், பயிற்சியை நடத்தும் ஆசிரியர் டாக்டர் பெக்வித்திடம் வாயை விட்டுவிட்டேன், நானும் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று. அத்தனை பேர் முன்னால் சிரித்தார்.

"நாடகம் படிச்சிட்டா? நீங்க வயித்தைப் பிடிச்சிக்கிட்டு நல்லாக் கத்துறீங்க மார்லிஸ். அதையே பண்ணுங்க."

கத்துகிறேனா? இருக்கட்டும். வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருகிறேன்.

செப்டம்பர் 3

மாலை வகுப்பு, வேதியியல். இதில் தேறாமல் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. சுற்றிலும் பத்தொன்பது வயதுகள். ஒரு மண்ணும் புரியவில்லை. புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெக்வித் பெயரை எழுதிவைத்திருக்கிறேன். தூக்கம் வந்தால் அதைப் பார்க்கிறேன்.

டிசம்பர் 12

பரீட்சையில் கோட்டைவிட்டேன். பஸ்ஸில் அழுதேன். இது நடிப்பில்லை.

ஏப்ரல் 21

பழம் நழுவிப் பாலில் விழுந்தது! இன்று என் அறைக்குப் பயிற்சிக்கு வந்தவன் பெக்வித்தின் மகன் வெஸ்லி. வெளியிலிருந்து மட்டும் உள்ளே தெரியும் ஒருபக்கக் கண்ணாடிக்குப் பின்னால், கவனித்தபடி அப்பா. எனக்குப் புற்றுநோய் என்று பையன் சொல்ல வேண்டும். முடிந்ததும் நான் வேஷத்தைக் கலைத்து, அவன் எப்படி நடந்துகொண்டான் என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொன்னேன், கண்ணாடி தாண்டிக் கேட்கிற மாதிரி.

"கேன்சர்னு சொல்றப்போ சுவர்க்கடிகாரத்தைப் பாத்தீங்க. நான் உங்க கண்ணுக்கே படல. இதெல்லாம் யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

வெளியே பெக்வித்தின் காதுகள் சிவந்திருந்தன. முற்பகல் செய்யின் பிற்பகல் விளையும்.

அவன் கடிகாரத்தைப் பார்த்தது நிஜம்தான். வேறு பையனாக இருந்தால் இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருப்பேனா? — சும்மா இரு, மார்லிஸ்.

நவம்பர் 14

வேதியியலை இரண்டாம் தடவையில் தாண்டியாயிற்று. இன்று மருத்துவக் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. "நாடகத்தை விட்டுட்டு இங்க எதுக்கு வர்றீங்க?" நோயாளியின் வலியை உள்ளே இருந்து பார்த்தவள் நான் என்றேன், குரல் நடுங்க. ஓர் அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருத்தர் சிரித்தார், அதனால் வந்தேன் என்று சொல்ல முடியுமா?

மார்ச் 2

கிடைத்துவிட்டது!!!

ஆகஸ்ட் 9

வெள்ளைக் கோட்டு விழா. புது மாணவருக்கு ஆசிரியர்தான் கோட்டை மாட்டிவிட வேண்டும். வேண்டுமென்றே பெக்வித்தின் வரிசைக்கு மாறி நின்றேன். மாட்டினார்.

"நான் கத்துறதைப் பத்தி அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்களே டாக்டர், ஞாபகம் இருக்கா?"

"அப்படியா? என்ன சொன்னேன்?"

அவர் நடிக்கவில்லை. நடிப்பு எனக்குத் தெரியாதா? பாவி, நிஜமாகவே மறந்துவிட்டிருக்கிறார். நான் மட்டும் இத்தனை நாளாக...

அக்டோபர் 17

எனக்கு முதல் பயிற்சி. கட்டிலில் ஓடெல், என்னோடு சேர்ந்து நோயாளி வேஷம் கட்டிய பழைய கூட்டாளி. இன்று அவனுக்குப் புற்றுநோய். நான் சொல்ல வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் பெக்வித் என்று அட்டவணையில் இருந்தது. பார்க்கட்டும் என்று ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். ஓடெல் வேஷத்தைக் கலைத்தான்.

"அழகாப் பேசினே. ஆனா என்னை ஒரு தடவையாவது பாத்தியா? கண்ணாடியைத்தானே பாத்துக்கிட்டிருந்தே."

கண்ணாடிக்குப் பின்னால் யாருமே இல்லையாம். பெக்வித் இன்று விடுப்பு.

வேஷம் கலைக்கும் முன், சேதி கேட்டதும் ஓடெல் தன் மகள் பெயரைச் சொல்லி அழுதான். அவளிடம் எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்டான். என்ன பெயர் சொன்னான்? வீட்டுக்கு வந்ததிலிருந்து யோசிக்கிறேன், ஞாபகம் வரவில்லை.