பளிச்சென்ற கோப்பை

ரொறன்ரோ
09.03.2025

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மகள் ஜென்சியும் நல்ல சுகம். போனில் கதைத்தால் வாக்குவாதத்தில் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன் என்று பூசைக்கு வருகிற சனம் கதைக்கிறதாம். கோபம் இல்லை அத்தான். ஒன்றுமே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம். கல்யாணம் கட்டின முப்பது வருடத்தில் என்னைப் பற்றி நீங்கள் ஒரு விஷயமும் கேட்டறிந்ததில்லை.

பாஸ்காத் திருநாளுக்கு வீட்டுக்கு வந்து பார்க்கிறேன். பஸ் டிக்கெட் எடுத்தாயிற்று. அதுவரை என் ஜப்பான் மண்கோப்பையில் தினமும் பச்சைத் தேயிலைத் தூள் கலக்கி நீங்கள் குடியுங்கோ. பாவிக்காமல் வைத்தால் அது களையிழந்துபோகும் என்று எனக்கு ஜப்பான் தேநீர் முறை பழக்கின நகானோ ரீச்சர் சொல்லுவா.

அன்புடன்
றோஸ்மேரி

பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்ட்ரியால்
21.03.2025

அன்பின் றோஸ்மேரிக்கு,

கடிதம் கண்டு சந்தோஷம். சனிக்கிழமை தோறும் நீ ரீச்சர் வீட்டில் முழங்காலில் இருந்து குடித்ததை நான் சோபாவில் சாய்ந்திருந்து குடிக்கிறேன். ஒரே கசப்பு. தவக்காலத்துக்குப் பொருத்தம்தான்.

ஆனால் கோப்பை கிடந்த கோலத்தைப் பார்த்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. மயிரிழை வெடிப்பெல்லாம் தேத்தண்ணிக் கறை. தேய்த்தும் போகவில்லை. மூலைக்கடை டெப்பனரில் உடுப்பு வெளுக்கிற ஜாவெல் வாங்கி இரண்டு நாள் ஊறவைத்தேன். இப்போது பளிச்சென்று வெள்ளை. படம் வைத்திருக்கிறேன், பார். உனக்கென்று நான் ஒன்றும் செய்ததில்லை என்று இனிச் சொல்லமாட்டாய்.

உன்
அம்புறோஸ்

ரொறன்ரோ
02.04.2025

அன்புள்ள அத்தானுக்கு,

படம் கிடைத்தது. ஆசையாகத்தான் செய்தீர்கள், தெரியும்.

அது கறை இல்லை. ஹகி என்ற ஊரில் சுட்ட கோப்பை அது. குடிக்கக் குடிக்கத் தேநீர் வெடிப்புகளில் ஊறி நிறம் மாறும். அந்த நிறத்துக்குத்தான் ஜப்பான்காரரிடம் மதிப்பு. ரீச்சர் அதை எனக்கு வெள்ளையாகத்தான் தந்தவா. பதினொரு வருடமாக வீட்டில் உங்களுக்கு முன்னால், சாப்பாட்டு மேசையில் இருந்துதான் அதில் குடித்தேன்.

ஊறவைக்க முன் ஒரு போன் எடுத்து, இதென்ன என்று கேட்டிருக்கலாம். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. போய் உடுப்பு மடித்தேன்.

டிக்கெட்டை ஜென்சி திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாஸ்காவுக்குத் திரேசம்மா அக்கா வீட்டில் சாப்பிடுங்கோ, அவவிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கோப்பையில் இனிக் குடிக்காதேங்கோ. ஜாவெல் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். உங்கள் வயிற்றுக்குக் கூடாது.

றோஸ்மேரி