சுண்டுவின் குடுவைகள்

மார்ச் 3

இன்றும் காலையில் அக்கா போன் செய்தாள். "சுண்டு எப்படிடி இருக்கான்?" பிள்ளையைப் பறிகொடுத்தவள் கேட்கிற கேள்வியா இது? நன்றாக இருக்கிறான் என்று நானும் சொல்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது அக்கா, வாய் மட்டும் என்னுடையது.

என்ன நோய் என்று தெரிந்துகொள்ள அவன் தோலில் கடுகளவு எடுத்து எங்கள் ஆய்வகத்தில் வளர்த்தோம். அவன் போய்விட்டான். அந்தச் செல்கள் இன்னும் வளர்கின்றன. அடக்கம் முடிந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் சுவரை வெறித்துக்கொண்டிருந்தவளை எப்படியாவது தேற்ற வேண்டுமே என்று, அவன் இன்னும் வளர்கிறான் எனச் சொல்லித் தொலைத்தேன்.

மார்ச் 5

எப்படி வளர்கிறான் என்று விவரமாகக் கேட்டாள். சொன்னேன். செல் இரண்டாகப் பிரியும் முன் உள்ளே இருக்கும் டிஎன்ஏ இரண்டாக வேண்டும். முறுக்கிய இரண்டு இழைகளும் ஜிப்பைத் திறந்தது போலப் பிரியும். ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரே ஒரு புது இழை, எழுத்து எழுத்தாகக் கோக்கப்படும். கோக்கிற நொதியே திரும்பிப் பார்த்துத் தப்பைத் திருத்தவும் செய்யும். கடைசியில் இரண்டு ஜோடி. ஒவ்வொன்றிலும் பழையது ஒன்று, புதியது ஒன்று.

"அப்ப அவன் உடம்புல இருந்த அதே இழை இன்னும் இருக்குல்ல?"

ஏதாவது ஒரு செல்லில் இருக்கும் என்றேன். பொய்யில்லை. ஆனால் —

மார்ச் 8

குடுவை நிரம்பினால் செல்களைப் பிரித்து ஒரு பங்கைப் புதுக் குடுவையில் விடுவோம். மிச்சத்தை பிளீச்சில் கொட்டுவோம். கை தானாகச் செய்கிற வேலை. இன்று கை வரவில்லை. அந்தப் பழைய இழை மிச்சத்தில் இருந்தால்?

ஒரு பங்கும் கொட்டவில்லை. எல்லாவற்றையும் புதுக் குடுவைகளில் விட்டுவிட்டேன். படித்தவள் செய்கிற காரியமா?

மார்ச் 13

இன்றும் கொட்டவில்லை.

மார்ச் 15

அத்தானின் அம்மா மறுபடி ஆரம்பித்துவிட்டாராம், எல்லாம் உங்கள் வம்சத்துக் கோளாறு என்று. அக்கா ரத்தத்திலும் இல்லை, அத்தான் ரத்தத்திலும் இல்லை. பரிசோதனை அறிக்கையைப் படித்துக் காட்டியும் ஆயிற்று. அவன் உருவாகும் முன்பே, எங்கோ ஒரு நகலெடுப்பில் ஒரே ஓர் எழுத்து மாறி, திருத்துகிற கண்ணுக்கும் தப்பிவிட்டது. அவ்வளவுதான். யாரை வைவது? எனக்கும் யாரையாவது வைய வேண்டும் போலத்தான் இருக்கிறது.

மார்ச் 20

மாட்டிக்கொண்டேன். செல்களை வளர்க்கிற இன்குபேட்டரில் மற்றவர்களுக்கு இடமே இல்லை என்று புகார் போக, கொக்கு வந்து கதவைத் திறந்தார். கொக்கு எங்கள் ஆய்வகத் தலைவர். அந்தக் கழுத்துக்கு வேறு பெயர் பொருந்தாது. "என்னம்மா இது, குடித்தனமே வச்சிருக்க?" என்றவர், எல்லாக் குடுவையிலும் என் கையெழுத்தில் ஒரே பெயரைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம்.

உன்னால் கொட்ட முடியாது, அக்காவைக் கூட்டி வந்து காட்டு என்று மட்டும் சொன்னார்.

மார்ச் 23

அக்கா வந்தாள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை. குட்டி மீன்கள் மாதிரி இருக்கிறது என்றாள். உருண்டையாக நிற்கிற ஒன்றைக் காட்டி, இது இப்போது இரண்டாகப் போகிறது என்றேன்.

அதையே பார்த்தாள். பிறகு, "அந்தத் தப்பு இதுலயும் இருக்காடி?"

"இருக்குக்கா."

"ரெண்டானா?"

"ரெண்டுலயும் இருக்கும். அது தப்புன்னு அதுக்குத் தெரியாதுக்கா. அப்படியே பார்த்து எழுதும்."

எழுந்து போய் இன்குபேட்டர் முன் நின்றாள். தட்டு தட்டாகப் பார்த்தாள்.

"ஒருத்தனா இருந்து பட்டது போதாதா அவனுக்கு? இத்தனை பேரா ஆக்கி வச்சிருக்கியே. கொட்டிடுடி."

அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள், நான் கொட்டினேன். பிளீச் பட்டதும் செல்கள் வளர்கிற இளஞ்சிவப்புத் திரவம் வெளுத்துப்போகும். கடைசிக் குடுவையைக் கொடுத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சுண்டு" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள்.

மார்ச் 24

காலையில் அக்கா போன் வரவில்லை. மதியம் அத்தான் கூப்பிட்டார். நேற்று வந்ததிலிருந்து அழுதுகொண்டே இருக்கிறாளாம், டாக்டரிடம் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டார்.

"வேண்டாம் அத்தான். அழட்டும், விடுங்க."

அவர் போனை வைக்கவில்லை. அவரும் அழுதுகொண்டிருந்தார்.